எதிர் ஸ்டால்

அக்டோபர் 14

அன்புள்ள நண்டுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாற்பத்து மூன்று வயது ஆளை இன்னும் நண்டு என்று எழுதுகிறாளே என்று உன் மனைவி கேட்டால் சொல், நடக்கப் பழகியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே போனவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வரும். நான்காவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இதையும் கடிதத்திலேயே சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் இந்த ஜனவரியில் கண்காட்சிக்கு வரவில்லை. இந்த வருடம் மட்டும் இல்லை, இனிமேல் வரப்போவதே இல்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவாகிவிட்டது. இயக்குநர் எப்போதும்போல் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார். "எல்லாரும் இப்ப வீட்ல உக்காந்தே பாத்துடறாங்க. புது புரொஜெக்டர் வருதுன்னா நாமே ஒரு நாள் படம் புடிச்சு நெட்ல போட்டா முடிஞ்சது. நாலு நாளுக்காக மூணு மாசம் எதுக்கு மண்டைய உடைச்சுக்கணும்?" எல்லாத் தலையும் ஆடின. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பதினாறு வருஷமா நீங்கதான் ஸ்டால் போடறீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் சார்" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் புரொஜெக்டர் ஸ்டாலுக்கும் உங்கள் ஸ்பீக்கர் ஸ்டாலுக்கும் நடுவே பன்னிரண்டடி வழி. கடந்த ஏழு வருடமாக, வருடத்துக்கு நாலு நாள், அந்தப் பன்னிரண்டடியைத் தாண்டித்தான் நாம் அக்கா தம்பியாக இருந்து வருகிறோம். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. 

உடம்பைப் பார்த்துக்கொள். இருமல் சுத்தமாக விட்டதா?

பிரியமுள்ள,
அக்கா


அக்டோபர் 23

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அலுவலக விலாசத்துக்கே இதையும் போடுகிறேன்.

"உங்க இஷ்டம் சார்". இதை நாலு தடவை படித்தேன். இதைச் சொன்னது நீதானா? போன வருடம் ஒரு பிளக் பாயின்ட் கைதவறி அரை அடி தள்ளிப் போய்விட்டது என்று அந்த எலெக்ட்ரீஷியனை ஒரு காலைப்பொழுது முழுக்கப் படுத்தியவள் நீ. தரைவிரிப்பு நீலம் வேறு நீலமாக இருக்கிறது என்று லாரியைத் திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்ட உனக்கு "போகலாம் சார்" என்று இரண்டு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் குஷி. எதிரே உங்கள் புரொஜெக்டர் திரையில் ஓடும் அந்தக் கடல் படம் இல்லாவிட்டால் கூட்டம் நம் பக்கம் திரும்பும் என்கிறார்கள். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

இருமல் விட்டுவிட்டது. அதை விசாரிக்கத் தெரிகிறது. இனி எங்கே பார்ப்பது என்று மட்டும் எழுதத் தெரியவில்லை. சரி, நானும் கேட்கப்போவதில்லை.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள நண்டுக்கு,

உன் கோபத்துக்குப் பதில் எழுதினால் அது போன் பேசிய மாதிரி ஆகிவிடும். அதனால் மற்ற சேதிகளை எழுதுகிறேன்.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி. நடக்கச் சொன்னார் டாக்டர். இவர் வீட்டுக்குள்ளேயே செய்தித்தாளோடு நடக்கிறார், ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மூன்று தடவை கதவில் முட்டிக்கொள்கிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். சமையலில் உப்பு குறைந்தால் எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

போன வாரம் ஸ்டால் சாமான்கள் இருந்த கிடங்கைக் காலி பண்ணினோம். அந்த நீலத் தரைவிரிப்பு ஒன்பது சுருளாக நின்றது. மடக்கு நாற்காலிகள், பெயர்ப்பலகை எழுத்துகள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. கிடங்குக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டி "இது வேணுமா மேடம், இது வேணுமா மேடம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். வெளியே வந்தபோது வாய் உலர்ந்துவிட்டது.

அன்றைக்கு ஒரு கனவு வந்தது. கண்காட்சி மண்டபத்துக்குக் கூரை இல்லை. தரைவிரிப்பை நானே உருட்டிவிடுகிறேன், அது தீரவே மாட்டேன் என்கிறது. நான் உருட்ட உருட்ட அது எனக்கு முன்னால் நீலமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டால் எதுவும் இல்லை. எங்கேயோ உன் ஸ்பீக்கரில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாகவும் இல்லை. விழித்துப் பார்த்தால் குளியலறைக் குழாயை யாரோ சரியாக மூடவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


டிசம்பர் 20

அன்புள்ள நண்டுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? ஆறு வாரம் ஆகிறது. தபால்காரர் வந்தால் எங்கள் வரவேற்பறைப் பெண்ணே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். அவளுக்கே பாவமாக இருக்கிறதாம்.

அடுத்த மாதம் கண்காட்சி. குளிர்சாதனத்துக்கு நேர் கீழே நிற்காதே. ஸ்வெட்டர் எடுத்துப் போ.

அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வீம்பு எனக்கும் உண்டு, ஒரே வீட்டுச் சோறுதானே தின்றோம். ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

மண்டபத்திலிருந்துதான் எழுதுகிறேன். இன்று மூன்றாம் நாள். வாசல் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

உங்கள் இடத்தை யாரும் எடுக்கவில்லை. காலியாக இருந்தால் அசிங்கமாகத் தெரியும் என்று கண்காட்சிக்காரர்கள் நாலு நாற்காலியும், இரண்டு பூந்தொட்டியும், ஒரு குடிதண்ணீர் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். முதல் நாள் முழுக்க ஆட்கள் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். போன வருடங்களில் அந்த உயரத்தில்தானே உங்கள் திரை இருந்தது. இப்போது அங்கே வெறும் இரும்புக் குழாய். ஒரு பெரியவர் என்னிடமே வந்து, "இங்க ஒரு கடல் இருக்குமே, எங்க போச்சு?" என்று கேட்டார். "இந்த வருஷம் வரலைங்க" என்றேன். "கடலா வரல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் என்னவோபோல் ஆகிவிட்டது. ஸ்பீக்கர் போட்டுக் காட்டுகிற எங்கள் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் முதன்முதலாக எதிரெதிரே இடம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன் நாலு வருடம் நாம் முகம் பார்த்துப் பேசியதில்லை. மூன்று நாள் நீ என்னைப் பார்க்காத மாதிரி பூச்சாடியைத் துடைத்தாய். நான் உன்னைப் பார்க்காத மாதிரி ஒயரைச் சுற்றினேன். உங்கள் கடலுக்குச் சத்தம் கிடையாது. அலை வந்து வந்து ஊமையாக உடைந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன், நான் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து அலைச் சத்தம் போட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அலை உடையறதுக்கு முன்னாடியே உன் சத்தம் வந்துடுது, கொஞ்சம் லேட் பண்ணு" என்றாய். நாலு வருடம் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வேலை சொல்லித்தான் பேச ஆரம்பித்தாய். 

இன்று காலையும் கதவைத் திறந்து அதே அலையைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. எதிரே நாலு நாற்காலிக்கு நடுவே ஓர் அம்மா கூட்டிக்கொண்டிருந்தார். சத்தம் வந்ததும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓரெட்டுப் பின்னால் போனார், அலை வந்து காலை நனைத்துவிடும்போல. அப்புறம் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த மூன்று நாளில் நான் யாரையாவது பார்த்துச் சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். நான் ஏன் உங்கள் நிறுவனத்தை விட்டுப் போனேன் என்று நீ ஒரு தடவையும் கேட்டதில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவள் நீ. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன். மறுநாள் இயக்குநர் எல்லார் முன்னாலும் "உங்க தம்பி எங்க?" என்று கேட்க, நீ விழித்துக்கொண்டு நின்றாயாம். அதை இன்னொருவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அந்த நிற்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அங்கே எனக்குப் பெயரே இல்லை அக்கா. ஆறு வருடம் வேலை பார்த்தேன். "அக்கா தம்பி எங்க?" "அக்கா தம்பிய கூப்பிடு." நான் ஏதாவது யோசனை சொன்னால், "அக்காகிட்ட கேட்டியாப்பா?" இங்கே வந்து எனக்கென்று ஒரு மேஜை கொடுத்தபோது அதில் என் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ "போகாதே" என்றிருப்பாய். நான் நின்றிருப்பேன். அதுதான் பயம். உன் மேல் கோபம் என்று ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் போனில் "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்றாய். நான் மெஷின் வேலைக்காரன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். பதினோரு வருடமாக மிதிக்கவில்லை.

இப்போது நீ ஒன்று சொல். அந்தக் கூட்டத்தில் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தாயா? நான் சொல்லாமல் போனதற்கு இது பதிலா?

வாசல் திறக்கிறார்கள். முடிக்கிறேன்.

நண்டு


பிப்ரவரி 1

அன்புள்ள நண்டுக்கு,

உன் கடிதத்தைக் கழிவறையில் வைத்துப் படித்தேன், அலுவலகத்தில் வேறு இடம் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் விற்பனைத் தலைவர், "கண்ணுல என்ன மேடம், தூசியா?" என்று கேட்டார். "ஆமா சார், பழைய தூசி" என்றேன். 

நீ கேட்டதற்கு நேரான பதில்: ஆமாம், வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை.

இயக்குநர் என் பக்கம் திரும்பியபோது எனக்குள் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, எதிர் ஸ்டாலில் என் தம்பி நிற்பான் என்பது. அதை அந்த மேஜையில் வைத்துச் சொல்ல முடியுமா? வேறு காரணம் தேடினேன். பதினாறு வருடம் செய்த வேலைக்கு ஒரு காரணம்கூட வாயில் வரவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் ஏழு வருடமாக எங்கள் புரொஜெக்டருக்காகப் பிளக் பாயின்ட் சண்டை போடவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. நாலு நாள் சந்தித்து, பேப்பர் கப்பில் டீ குடித்து, பக்கத்தில் ஆள் வந்தால் வேலைப் பேச்சுக்கு மாறி, ஐந்தாம் நாள் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு அவரவர் லாரியில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறோம். இந்தக் கண்காட்சி இருக்கிறவரை நீ என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை, நான் உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் நல்ல சாக்கு. என் மகளுக்குப் பதினெட்டு வயது. ஏழு வயதில் உன்னைப் பார்த்தவள். போன வருடம் "அந்த மாமா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். நான் செல்லில் உங்கள் ஸ்டால் படத்தை எடுத்து, பின்னால் பாதி முகம் தெரிய நின்ற உன்னைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்க ஆக்க நீ கட்டம் கட்டமாக உடைந்து போய்விட்டாய். இது என்ன பிழைப்பு என்று அன்றைக்கே தோன்றியது.

அந்தச் சாக்கு போகட்டும் என்றுதான் "உங்க இஷ்டம் சார்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்ததும்தான் உறைத்தது. சாக்கோடு சேர்ந்து தம்பியும் போய்விட்டால்? அதனால்தான் உனக்கு எழுதியபோது உப்புச் சப்பில்லாமல் எழுதினேன்.

உனக்கு அங்கே பெயர் இல்லை என்று எனக்குத் தெரியாது. "அக்கா தம்பி" என்று கூப்பிடும்போதெல்லாம் நான் பெருமைப்பட்டேன், தெரியுமா? ஒரே வார்த்தை எனக்கு இனிப்பு, உனக்குக் கசப்பு. நீ சொல்லியிருந்தால் "போகாதே" என்றுதான் சொல்லியிருப்பேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது கூப்பிடுகிறேன். வீட்டுக்கு வா. எந்த ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வா. முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

முன்கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லாமல் போனேன். நேற்று.

பேருந்து நிறுத்தத்திலிருந்து கால் தானாகவே நடந்தது. மருந்துக்கடை, சைக்கிள் கடை, சரிவு, அப்புறம் வலது பக்கம். வெயில் லேசாக இருந்தது. தெருவில் யாரும் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. அந்தத் தெருவை யாரோ எனக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி இருந்தது. வாசலில் ஒரு நிமிடம் நின்றேன். அந்தப் படியில் காலை வைத்தேன். பதினோரு வருடம் கழித்து! மணியை அழுத்தினேன்.

யாரோ ஓர் அம்மா திறந்தார். கையில் ஈரத் துணி.

"யாரு வேணும்?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவங்க வீடு மாத்திட்டுப் போயி ஆறு வருஷம் ஆச்சே. நீங்க யாரு?"

"தம்பிங்க."

"யாரோட தம்பி?"

"அவங்க தம்பிதாங்க."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா வீடு மாறி ஆறு வருடம் ஆனது தெரியாத தம்பி எப்படிப்பட்ட தம்பி என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. ஆனால் நல்லவர். "வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார். உன் கூடத்தில், உன் ஜன்னலுக்குக் கீழே, வேறு யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். சுவர் வேறு நிறம். விழித்துக்கொண்டே கனவு காண்கிற மாதிரி இருந்தது. எல்லாம் அதே இடத்தில் இருக்கிறது, நீங்கள் மூன்று பேர் மட்டும் இல்லை.

ஆறு வருடம் அக்கா. ஆறு கண்காட்சி. எத்தனை டீ குடித்திருப்போம். என் இருமலுக்கு மருந்து சொன்னாய், என் செருப்பு தேய்ந்ததைச் சொன்னாய். வீடு மாறினதைச் சொல்லவில்லை. கூப்பிட்டபோதாவது சொன்னாயா?

திரும்பும்போது, இனி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பேருந்தில் பாதி வழியில், நான் ஒரு தடவையாவது "வீட்டில் எல்லாரும் எப்படி?" என்று கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நண்டு


பிப்ரவரி 22

என் நண்டுக்கு,

இதை நேற்றே எழுதியிருப்பேன். உன் அத்தானிடம் படித்துக் காட்டப் போய் இரண்டு பேரும் சிரித்து, அப்புறம் நான் அழுது, அப்புறம் அவர் "மொதல்ல அட்ரஸ எழுதி அனுப்புடி, லூசு" என்று பேனாவைக் கையில் திணிக்க வேண்டியதாகிவிட்டது.

பொய் சொல்லப்போவதில்லை. இந்தத் தடவை விலாசம் எழுதாதது சுத்த மறதி. நீ அலுவலகத்துக்கே போட்டுப் போட்டு, எனக்கு அதுதான் வீடு என்று ஆகிவிட்டது. ஆனால் ஆறு வருடம் சொல்லாமல் இருந்தது மறதி இல்லை. புது வீட்டைப் பற்றிச் சொன்னால் நீ "அப்படியா" என்பாய். அதற்கு மேல் வருவேன் என்று சொல்லவும் மாட்டாய், வரமாட்டேன் என்று சொல்லவும் மாட்டாய். அந்த "அப்படியா"வைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

நான் மிதிக்காதே என்று சொன்னது அந்த வீட்டு வாசற்படியை. அதையும் நீ மிதித்துவிட்டாய், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வீட்டைப் பற்றி நான் ஒன்றுமே சொன்னதில்லை. இது மூன்றாவது மாடி ஃப்ளாட். வாசற்படியே கிடையாது, வெளித்தரை அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். லிஃப்டில் மூன்றாம் எண் பொத்தான் அமுங்காது, நாலுக்குப் போய் ஒரு மாடி இறங்கு. காலிங் பெல் வேலை செய்யாது. கையால் தட்டு. விலாசம் தனித் தாளில் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லாதே, பின்பக்கம் அத்தானும் ஒருமுறை எழுதியிருக்கிறார்.

அக்கா


மார்ச் 10

என் நண்டுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததாக உன் மனைவி போன் பண்ணினாள். "அண்ணி, இவரு வந்ததுலேருந்து பேசிட்டே இருக்காரு" என்றாள். அவளோடு பத்து நிமிடம் பேசினேன், சண்டை வரவில்லை. அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு வா.

கிளம்பும்போது நீ செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய், "ஏன் எழுப்பல? பாதி நாள் தூங்கியே போச்சே. பேசவே இல்லையே நாம" என்று. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், நான் முறுக்குப் பொட்டலத்தை உன் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

சாப்பிட்டு முடித்து, அத்தான் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே உன் கண் செருகிவிட்டது. அவர் மும்முரமாக எண்ணெயின் பெயரைச் சொல்கிறார், நீ சோபாவில் சாய்ந்து போய்க்கொண்டே இருக்கிறாய். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என் கதைக்கு இவ்வளவு மரியாதை யாரும் குடுத்ததில்ல" என்று எழுந்து உள்ளே போனார். நான் மின்விசிறியை ஒன்று குறைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். கூடம் முழுக்க மங்கலாகப் பச்சை வெளிச்சம். கீழ் வீட்டில் துணி துவைக்கிற மெஷின் தூரத்தில் ஓடுகிற ரயில்போல ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

உனக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. மண்டபத்து வெளிச்சத்தில் அது தெரிந்ததே இல்லை. ஏழு வருடமும் நான் பார்த்ததெல்லாம் நின்றுகொண்டிருக்கிற உன்னைத்தான், கழுத்தில் அட்டை தொங்க, யாருக்காவது ஏதாவது விளக்கிக்கொண்டே. நீ தூங்கி நான் பார்த்து எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்தேன். எனக்குக் கணக்கே வரவில்லை.

மூன்று மணி நேரம் தூங்கினாய். நடுவில் நான் எழுந்திருக்கவே இல்லை. பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது, ஒன்றும் அவசரமில்லை என்று தோன்றியது.

நாலரை மணிக்கு மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பையைத் தடாலென்று போடப் போனவள் உன்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. "யாரும்மா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

நான் வாயில் விரல் வைத்தேன்.

"சத்தம் போடாத. என் தம்பி தூங்கறான்."

அக்கா